லென்ஸுக்குத் தண்ணீர் ஆகாது

(கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் பொதுமக்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, காண்டாக்ட் லென்ஸும் கண் பாதுகாப்பும். இதைக் கேட்டதும் பெரியவர்கள் சிலர், "இது கோயம்புத்தூர் காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் சமாச்சாரம், நமக்கென்ன வேலை" என்று நினைத்திருக்கலாம். அப்படி நினைத்தவர்கள்தான் கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். லென்ஸ் போடும் மகளுக்கும் கரும்பு வெட்டும் அப்பாவுக்கும் பார்வையைப் பறிக்கிற நோய் ஒன்றுதான். அதிலிருந்து தப்பிக்கும் வழியும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் அந்த நோய் வருகிற இடத்தைப் பார்த்துவிடுவோம். கண்ணின் முன்புறத்தில் ஒளி உள்ளே நுழையும் தெளிவான படலம் ஒன்று இருக்கிறது. கருவிழி என்று கண் துறையில் இருக்கும் நாங்கள் சொல்வது அதைத்தான். அதன் கனம் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுதான். உடம்பின் மற்ற பாகங்களுக்கெல்லாம் ரத்தம் போய்ச் சோறு போடுகிறது, காவலும் காக்கிறது. கருவிழிக்குள் ரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் அதன் வழியே பார்க்க முடியாது. ஆக்சிஜனை அது காற்றிலிருந்து கண்ணீர் மூலம் எடுத்துக்கொள்கிறது. அதற்குக் காவல் இரண்டே இரண்டு: இமை சிமிட்டும்போதெல்லாம் கழுவிவிடும் கண்ணீர், அப்புறம் மேலே ஐந்தாறு அடுக்காக இருக்கும் மெல்லிய தோல். அந்தத் தோல் கெட்டியாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. அதில் ஒரு கீறல் விழுந்தால் நுழைந்துவிடும். நுழைந்தால் கருவிழிப் புண். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். ஊரில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்கிறோமே, அதில் ஒரு பங்கு இந்தத் தழும்புதான்.

நாட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையிழப்பு ஆய்வில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கண்புரைக்கு அடுத்த காரணமாக நின்றது கருவிழித் தழும்புதான். ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களிடம் அதுவே முதல் காரணம்; பார்வை இழந்தவர்களில் 37.5 சதவீதம் பேருக்கு அதனால்தான் போயிருந்தது. கண்புரையை ஆபரேஷன் செய்தால் மறுநாள் பார்வை வந்துவிடும். கருவிழித் தழும்புக்கு வேறொருவர் கண் தானம் செய்ய வேண்டும், வைத்த கருவிழி ஒட்டிக்கொள்ளவும் வேண்டும். அதுவும் உழைக்கிற வயதில் வருகிற நோய் இது.

லென்ஸுக்கு வருவோம். லென்ஸ் கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. கருவிழி கூம்பு மாதிரி முன்னே துருத்திக்கொள்ளும் கெரட்டோகோனஸ் என்ற நோய் இருக்கிறது. அது முற்றியவர்களுக்குக் கண்ணாடி போட்டால் தெளிவு வராது; கெட்டி வகை லென்ஸ் போட்டால்தான் எழுத்துத் தெரியும். ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் பவர் பெரிதும் வித்தியாசப்படுகிறவர்களுக்கும் லென்ஸ்தான் தோது. மாஸ்க் கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் நர்ஸ் பெண்ணுக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருக்கும். வாலிபால் ஆடும் பையனுக்குக் கண்ணாடி இடைஞ்சல். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் கண்ணாடி வேண்டாம் என்று நினைத்தால் அது அவள் இஷ்டம். சரியான ஆள் சொல்லி, சரியான அளவில், சரியாகப் பராமரித்துப் போட்டால் லென்ஸ் நல்ல துணை.

இப்போது நாம் போடுகிற மென்மையான லென்ஸுக்கு ஒரு சுவாரசியமான பிறப்பு இருக்கிறது. 1961 கிறிஸ்துமஸ் சமயம், செக்கோஸ்லோவாக்கியாவில் ஓட்டோ விஷ்டர்லே என்ற வேதியியலாளர், குழந்தைகள் விளையாடும் மெர்குர் இரும்புச் சட்டங்களையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டு அடுக்களை மேஜையிலேயே ஒரு சுழலும் கருவி செய்தார். அதில் வார்த்தெடுத்ததுதான் உலகின் முதல் பயன்படத்தக்க மென் லென்ஸ்கள். பத்து வருஷம் கழித்து, 1971-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதுவரை இருந்தவை கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த கெட்டி லென்ஸ்கள். விஷ்டர்லேயின் பொருள் தண்ணீரைக் குடித்து மெத்தென்று ஆகிவிடும். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர்தான். அதனால்தான் அது கண்ணில் உறுத்துவதில்லை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எந்தத் திரவத்தில் போட்டாலும் அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் திரவத்தில் இருக்கிற கிருமியும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே இன்று நான் சொல்லப்போவதில் முதல் வாக்கியம்: லென்ஸில் தண்ணீர் படவே கூடாது. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், போர்வெல் தண்ணீர், கேன் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், எதுவும் ஆகாது. எச்சில் அதைவிட மோசம்.

இதைச் சொன்னால் நம் பக்கத்தில் உடனே கோபம் வருகிறது. "ஏனுங்க, எங்க ஊர்த் தண்ணிக்கு என்னங்க குறைச்சல்?" என்று சித்தூர்ப் பக்கத்து அம்மா கேட்பார். மூணாற்றுக்காரர் அதற்கும் மேலே போய், "மலை ஊத்துத் தண்ணி சார், பாட்டில்ல அடைச்சு விக்கலாம்" என்பார். குடிக்க நல்ல தண்ணீர்தான், மறுக்கவில்லை. வயிற்றுக்குள் போகிற கிருமியைச் சமாளிக்க உடம்புக்கு அமிலம் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது. கருவிழிக்கு அவை இல்லை என்று இப்போதுதானே பார்த்தோம்.

தண்ணீரிலும் மண்ணிலும் அகாந்தமீபா என்று ஓர் அமீபா வாழ்கிறது. குளத்தில் இருக்கும், கிணற்றில் இருக்கும், வீட்டுக்கு மேலே இருக்கும் டேங்க்கிலும் இருக்கும். சூழ்நிலை சரியில்லை என்றால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு தூங்கிவிடும். குழாய்த் தண்ணீரில் கலக்கிற குளோரினால் அந்த ஓட்டை ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸில் ஒட்டி, லென்ஸ் உரசிய கீறல் வழியே கருவிழிக்குள் போய்விட்டால், கண்ணைப் பார்த்தால் அவ்வளவாக ஒன்றும் இருக்காது. வலி மட்டும் உயிரை வாங்கும். மருந்து இருக்கிறது, ஆனால் மணிக்கொரு தரம் விடத் தொடங்கி மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த அமீபா நோய் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் லென்ஸ் போடுகிறவர்கள். நம் நாட்டில் நிலைமை தலைகீழ். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் லென்ஸையே பார்த்திராதவர்கள். சேற்றுத் தண்ணீர் தெறித்தவர்கள், மண் விழுந்த கண்ணைக் கிடைத்த தண்ணீரில் கழுவிக் கசக்கியவர்கள். அங்கே லென்ஸ் வழியாகப் போன அமீபா இங்கே வயல் வழியாகப் போகிறது. அப்பாவையும் மகளையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

தண்ணீர் வேண்டாம் என்றால் எதில் கழுவுவது? அதற்கென்று விற்கிற சொல்யூஷனில் மட்டும். அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2005 கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் ஹாங்காங், சிங்கப்பூர், அமெரிக்கா என்று பல இடங்களில் லென்ஸ் போடுகிறவர்களுக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சைத் தொற்று வரிசையாக வந்தது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியானது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்தின் 'ரீனூ வித் மாய்ஸ்ச்சர்லாக்' என்ற சொல்யூஷனோடு தொடர்பு தெரிந்ததும், 2006 மே மாதம் அதை உலகம் முழுவதும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. நேற்றைய சொல்யூஷனைக் கொட்டாமல் அதன்மேலேயே கொஞ்சம் புதிதாக ஊற்றி நிரப்பிக்கொள்ளும் பழக்கம் ஆபத்தைக் கூட்டியிருந்தது. நேற்றுப் போட்ட டீத்தூளில் இன்றைக்கும் வெந்நீர் ஊற்றி டீ என்று கொடுத்தால் மூணாற்றில் யாராவது குடிப்பார்களா? சொல்யூஷனும் அப்படித்தான். ஒரு ராத்திரி வேலை செய்ததோடு அதன் சாரம் போய்விட்டது.

இன்னொரு சுவையான விஷயம். ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் லென்ஸ் போட்டவர்களைப் பிடித்த அதே ஃபியூசேரியம்தான், மதுரைப் பக்கத்து வயல்களில் வேலை செய்கிறவர்களின் கண்ணில் அதிகமாகக் கிடைக்கிற பூஞ்சையும். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இப்போது பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளலாம். லென்ஸைத் தொடும் முன் கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். விரல் நுனி, நகக்கண் எல்லாம். கழுவியதோடு நிற்காமல் நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும், ஈரக்கையே தண்ணீர்தான். டர்க்கி டவல் வேண்டாம், நூல் ஒட்டும். எப்போதும் வலது கண்ணையே முதலில் எடுங்கள். இடம் வலம் மாறாது. கழற்றிய லென்ஸை உள்ளங்கையில் வைத்து, சில சொட்டு சொல்யூஷன் விட்டு, இன்னொரு கை விரலால் மெதுவாக இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேவையில்லை என்று சில பாட்டிலில் எழுதியிருந்தாலும் தேயுங்கள். மேலே ஒட்டிய கிருமியையும் கண்ணீர்ப் படிவையும் உரசினால்தான் போகும். பிறகு சொல்யூஷனால் அலசி, டப்பாவில் புது சொல்யூஷன் ஊற்றிப் போட்டு வையுங்கள். எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று பாட்டிலில் போட்டிருக்கும்; அதற்குக் குறையக் கூடாது. சலைன் என்று விற்பது உப்பு நீர்தான். அது அலசும், கிருமியைக் கொல்லாது. ஹைட்ரஜன் பெராக்சைடு வகை சொல்யூஷன் வாங்குகிறவர்கள் அதனோடு வரும் தனி டப்பாவில்தான் போட வேண்டும். முழு நேரம் ஊறாமல் கண்ணில் வைத்தால் எரித்துவிடும்.

டப்பா என்றேன். லென்ஸைவிட டப்பாவிலிருந்து வருகிற தொற்று அதிகம் என்றே எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பயப்படுகிறோம். காலையில் லென்ஸை எடுத்ததும் மீதி சொல்யூஷனைக் கொட்டுங்கள், புது சொல்யூஷனால் அலசுங்கள், சுத்தமான டிஷ்யூவால் உள்ளே துடையுங்கள், மூடியைத் திறந்து டிஷ்யூ மேல் கவிழ்த்து வையுங்கள். குளியலறையில் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டப்பாவையே தூக்கிப் போடுங்கள். கொழிஞ்சாம்பாறை வெயிலில் கவிழ்த்த டப்பா பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் ஆனி ஆடி மாதத்தில் எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கொடியில் போட்ட துணியே மூன்று நாளைக்குக் காயாது. டப்பா மட்டும் எப்படிக் காயும்? மூடியின் மரைக்குள் விரலை விட்டுப் பாருங்கள், வழவழவென்று ஒரு படலம் விரலில் வரும். அது கிருமிகள் கூடிக் கட்டிய வீடு. சொல்யூஷன் அதற்குள் எளிதில் இறங்காது. அப்படிப்பட்ட ஊரில் இருக்கிறவர்களுக்கும், பொதுக் குளியலறை உள்ள ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும், கட்டுப்படியானால் தினம் ஒன்று போட்டு எறிகிற டெய்லி லென்ஸ்தான் நான் சொல்வது. டப்பாவும் வேண்டாம், சொல்யூஷனும் வேண்டாம். எறிய வேண்டியதைக் காசு பார்த்து மறுநாளும் போட்டால் அது டெய்லி லென்ஸ் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது தூக்கம். இமை மூடியிருக்கும்போது கருவிழிக்கு வரும் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. நடுவில் லென்ஸும் இருந்தால் இன்னும் குறையும், மேல் தோல் நலிந்துவிடும். லென்ஸோடு தூங்கினால் தொற்று வரும் வாய்ப்பு ஆறு முதல் எட்டு மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. நம் பிள்ளைகள் வீட்டில் ஒழுங்காகக் கழற்றி வைக்கிறார்கள். பெங்களூருக்கும் சென்னைக்கும் ராத்திரி பஸ் ஏறும்போதுதான் தவறு நடக்கிறது. ஆடுகிற பஸ்ஸில் எங்கே கழற்றுவது என்று அப்படியே கண்ணயர்ந்துவிடுகிறார்கள். பயண நாளில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள். லென்ஸ் போடுகிற ஒவ்வொருவரிடமும் சரியான பவரில் ஒரு கண்ணாடி இருந்தே ஆக வேண்டும். அது இல்லாதவர்தான் கண் சிவந்த பிறகும், "லென்ஸ் இல்லாம ஒண்ணும் தெரியாதே" என்று அதையே திரும்பப் போட்டுக்கொள்வார்.

குளியலுக்கும் இதே விதி. சுருளி அருவிக்கோ திருமூர்த்தி அருவிக்கோ போனால், மலம்புழையில் நனைந்தால், சோகநாசினி ஆற்றில் முங்கினால் முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். வீட்டு ஷவரும் அருவிதான்.

பாலக்காட்டுக் கணவாயில் வாழ்கிறவர்களுக்குக் காற்று ஒரு தனித் தொல்லை. மார்கழி, தை மாதத்தில் கிழக்கேயிருந்து வருகிற வறண்ட காற்று கண்ணீரை உறிஞ்சிவிடும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை சுற்றுகிற காற்றில் பைக் ஓட்டிக்கொண்டு போனால் லென்ஸுக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கும். அதோடு கண்ணைக் கசக்கினால் கீறல் நிச்சயம். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கி விடுங்கள். துகள் விழுந்துவிட்டால் கையைச் சுத்தம் செய்து, லென்ஸைக் கழற்றி, சொல்யூஷனில் அலசிய பிறகுதான் மறுபடி போட வேண்டும்.

கலர் லென்ஸைப் பற்றி ஒரே வார்த்தை. ஃபேன்ஸி கடையில் வாங்கி, போட்டோ ஷூட்டுக்கு மணப்பெண் போட்டு, அப்புறம் தோழி போட்டு, அப்புறம் தங்கை போட்டு வருகிற லென்ஸ் கிருமிகளுக்கு ஓசிப் பயணம். பவர் இல்லாத லென்ஸுக்கும் கண்ணின் வளைவை அளந்து பார்க்க வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவே கூடாது.

இதுவரை மகளுக்குச் சொன்னேன். இனி அப்பாவுக்கு.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை வரிசையாக ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு முதலில் கண்ணில் அடியோ கீறலோ பட்டிருந்தது. கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா, பாதிப் பேருக்குப் பூஞ்சை. பூஞ்சைகளில் முதலிடம் ஃபியூசேரியத்துக்கு. ஹாங்காங்கில் லென்ஸ் போட்டவர்களைப் பிடித்த அதே பேர்வழி. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று இன்னோர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்க மாவட்டம் ஒன்றில் எடுத்த கணக்கைவிட அது பத்து மடங்கு. மதுரைப் பக்கமும் நம் ஊரும் வேலையில் ஒன்றுதான். சித்தூரில் கதிரடிக்கும்போது நெல் உமி தெறிக்கிறது. மறையூரில் வெல்லத்துக்கு வெட்டுகிற கரும்பின் தோகை அரம் மாதிரி கண்ணை அறுக்கிறது. முதலமடை மாந்தோப்பிலும் உடும்பன்சோலை ஏலத்தோட்டத்திலும் ஒரு கிளை வீசி அடித்தால் போதும். செடியிலும் மண்ணிலும் பூஞ்சை எப்போதும் இருக்கிறது.

கீறல் விழுந்த மாத்திரத்தில் கண் போய்விடுவதில்லை. சாதாரணக் கீறல் ஓரிரு நாளில் தானே ஆறிவிடும். கெடுப்பது அதற்கு அப்புறம் நாம் செய்கிற வைத்தியம். "தூசிதான சார் விழுந்துச்சு, பக்கத்து லயத்துல பிள்ளை பெத்தவ இருந்தா, தாய்ப்பால் விட்டோம்" என்பார்கள். விளக்கெண்ணெய் விடுவார்கள், நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவார்கள், நாக்கால் தூசியை எடுப்பதற்கென்றே ஊருக்கு ஒரு பாட்டி இருப்பார். அவர்கள் அன்பில் குறையில்லை. ஆனால் வாயில் இருக்கிற பாக்டீரியாவும் இலையில் இருக்கிற பூஞ்சையும் திறந்த புண்ணுக்குள் நேராக இறங்குகின்றன.

அதைவிடப் பெரிய ஆபத்து மெடிக்கல் கடையில் காத்திருக்கிறது. கண் சிவந்திருக்கிறது என்று சொன்னதும் கையில் கிடைத்த சொட்டு மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாளில் சிவப்பு குறையும், வலியும் குறையும், "ஆஹா, நல்ல மருந்து" என்று தோன்றும். உள்ளே பூஞ்சை இருந்தால் அதற்கு நாம் காவலையெல்லாம் எடுத்துவிட்டு விருந்து வைத்திருக்கிறோம். மருத்துவர் பார்க்காமல் கண்ணில் எந்தச் சொட்டும் விடாதீர்கள். போன வருஷம் மிச்சம் வைத்த பாட்டிலும் இதில் அடக்கம்.

தண்ணீர் ஆகாது, ஆகாது என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே இப்போது ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். ஏலத்துக்கும் மாமரத்துக்கும் அடிக்கிற பூச்சிமருந்து கண்ணில் தெறித்தால், ஆசிட் பட்டால், வெற்றிலைக்கு வாங்குகிற சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளை பிதுக்கி அது கண்ணில் பீறிட்டால், அந்த நொடியே தண்ணீர்தான் மருந்து. கிடைக்கிற சுத்தமான தண்ணீரை, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது கால் மணி நேரம் விடாமல் ஊற்றுங்கள். சுண்ணாம்புக் கட்டி இமைக்கு அடியில் ஒட்டியிருந்தால் ஈரத் துணி நுனியால் எடுத்துவிடுங்கள். லென்ஸ் போட்டிருந்தாலும் தண்ணீர் ஊற்றத் தாமதிக்கக் கூடாது. ஊற்ற ஊற்ற லென்ஸ் தானே வந்துவிடும், இல்லையென்றால் ஊற்றிக்கொண்டே எடுங்கள். அந்த லென்ஸை எறிந்துவிடுங்கள். பிறகுதான் ஆஸ்பத்திரி. ரசாயனம் நிமிஷத்துக்கு நிமிஷம் உள்ளே இறங்கும். கிருமியைப் பற்றிக் கவலைப்படுகிற நேரம் அது இல்லை.

மற்ற நேரங்களில் எப்போது ஓட வேண்டும்? கண் சிவப்பு, வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், மங்கல், நீர் வடிதல். லென்ஸ் போடுகிறவருக்கு இதில் ஒன்று வந்தாலும் லென்ஸைக் கழற்றி அன்றைக்கே போக வேண்டும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா லென்ஸ் போடுகிறவர்களை அதிகம் பிடிக்கும். இரண்டு நாளில் கருவிழியைக் கரைத்துவிடக் கூடியது அது. போகும்போது கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் சொல்யூஷன் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். கிருமி எது என்று கண்டுபிடிக்க லேபுக்கு அவை உதவும்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் குறையும். மஞ்சள் சாயத் தாளைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாகப் பளிச்சிடும். மரத்துப்போகும் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைப்பார்கள். பூஞ்சையாக இருந்தால் நூல் நூலாகக் கிளை பிரிந்து கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும். அதற்கு நாட்டமைசின் என்ற சொட்டு மருந்து. தென்னிந்தியாவில் நடந்து 2013-இல் வெளியான பெரிய சோதனையில், புதிய, விலை கூடிய வோரிகோனசோல் சொட்டைவிட அந்தப் பழைய மருந்தே நன்றாக வேலை செய்தது, குறிப்பாக ஃபியூசேரியத்தின் மீது. மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். நமக்கு இல்லாதது நேரம்.

எல்லையில் இருக்கிற நமக்கு அந்த நேரம் சாலையில் கரைகிறது. கொழிஞ்சாம்பாறைக்காரர் எல்லை தாண்டிக் கோவை போய்விடலாம். அகளிக்காரர் ஆனைகட்டி வழியாக இறங்க வேண்டும். மறையூரிலிருந்து சின்னாறு காட்டைக் கடந்து உடுமலை. ராத்திரியானால் வழியில் யானை. மூணாற்றிலிருந்து போடிமெட்டு இறக்கத்தின் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித் தேனி. குமுளிக்காரருக்குக் கம்பம் வழி. ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகுமே என்று, "ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்" என்கிறோம்.

தாமதத்தின் விலை என்ன என்பதற்கு நேபாளத்தில் பக்தபூர் என்ற ஊரில் ஒரு கணக்கு எடுத்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் பயிற்சி பெற்ற ஊழியர்களை வைத்து, கருவிழியில் கீறல் பட்டவர்களுக்குக் குளோராம்ஃபெனிகால் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் 442 பேர். காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18-லிருந்து 24 மணிக்குள் வந்த 109 பேரில் நாலு பேருக்கு வந்தது. ஒரு நாள் கழித்து, இரண்டு நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது. 2001-இல் இந்த முடிவு வெளியானது. காசு குறைந்த களிம்பு, ஆஸ்பத்திரி இல்லாத ஊர், ஒரு ஊழியர், அவ்வளவுதான்.

நம் ஊரில் ஆஷா ஊழியர் இல்லாத வார்டு இல்லை. தோட்டங்களில் மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. கண்ணில் கீறல் பட்டவரை அன்றைக்கே பார்த்து, சாயத் தாள் வைத்துச் சோதித்து, மருத்துவர் வழிகாட்டலோடு களிம்பு கொடுத்து, மறுநாளும் சரியாகாவிட்டால் உடனே அனுப்பி வைக்கிற ஏற்பாட்டைச் சுகாதாரத் துறையிடமும் பஞ்சாயத்துகளிடமும் எஸ்டேட் நிர்வாகங்களிடமும் கேட்பதற்கு நமக்கு நியாயம் இருக்கிறது. கரும்பு வெட்டுகிறவருக்கும் மருந்து அடிக்கிறவருக்கும் கதிரடிக்கிறவருக்கும் மெஷின் கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கச் சொல்லியும் கேட்கலாம். தமிழில் இதையெல்லாம் எழுதி ரேஷன் கடையிலும் தோட்டத்தில் மஸ்டர் (வருகைப் பதிவு) அடிக்கும் இடத்திலும் ஒட்டச் சொல்லியும் கேட்கலாம். லென்ஸ் பாட்டிலில் பொடி எழுத்து இங்கிலீஷில் அச்சடித்தால் தன் வேலை முடிந்தது என்று கம்பெனிக்காரன் நினைக்கலாம். நாம் நினைக்கக் கூடாது.

பெரியவர்கள் இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: கண்ணில் எதுவும் பிழியாதீர்கள், அடுத்த நாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒன்று கூடுதல்: லென்ஸில் தண்ணீர் படவிடாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். லென்ஸ் டப்பாவைப் பையில் கொண்டுவந்திருக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் எடுத்துக் காட்டுங்கள். எப்போது வாங்கியது என்று நினைவில்லை என்றால், வாசலில் குப்பைக்கூடை இருக்கிறது, அங்கேயே போட்டுவிடலாம்.